ஒரு நாள், ஓர் ஆறு: திருவக்கரையிலிருந்து அரிக்கமேடு வரை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறீர்கள். பன்னிரண்டு வயது மகளும் எட்டு வயது மகனும் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள். ஒரு நாள் அவர்களை வெளியே அழைத்துச் செல்ல நினைத்து திருவக்கரை, செஞ்சி, ஆரோவில், புதுச்சேரி அருங்காட்சியகம், அரிக்கமேடு, பிச்சாவரம், நெய்வேலி என்று ஏழு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். மாமியாரும் உடன் வருகிறார். எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது, போய்வந்தது வெறும் ஊர்சுற்றலாக முடியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏழில் நான்கை இப்போதே அடித்துவிடுங்கள். பிச்சாவரம் முழு நாளைக் கேட்கும் இடம். சுரபுன்னையின் ஊன்றுவேர்களையும் வெண்கண்டலின் மூச்சுவேர்களையும் நீர் ஏறும்போது ஒருமுறை, வற்றும்போது ஒருமுறை பார்த்தால்தான் அங்கே போனதற்குப் பொருளுண்டு. செஞ்சியில் ராஜகிரி ஏறி இறங்கவே அரை நாள் போய்விடும். அதுவரை மாமியாரை அடிவாரத்தில் உட்காரவைப்பதும் முறையன்று. நெய்வேலிச் சுரங்கத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஆரோவில் நான் சொல்லப்போகும் பாடத்தோடு ஒட்டாது. வேறொரு நாளைக்கு இருக்கட்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற பிறகு, வீட்டில் படிக்கும் பிள்ளைகள் ஆறு பேரை முதன்முதலாக வேனில் அழைத்துச் சென்றபோது, காலையில் வடலூர், அடுத்து நெய்வேலி, மதியம் சிதம்பரம், மாலையில் பிச்சாவரம், இருட்டுமுன் தேவனாம்பட்டினம் கடற்கரை என்று ஐந்து ஊர்களை ஒரே நாளில் அடுக்கினேன். மறுநாள், நேற்றுக் கண்டவற்றில் ஒன்றைப் பற்றி எழுதுங்கள் என்றேன். ஆறு பேரில் நால்வர் வழியில் டயர் பஞ்சரானதைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஜாக்கியை எங்கே கொடுப்பது, ஸ்டெப்னியை மாட்டியபின் நட்டுகளை எந்த வரிசையில் முடுக்குவது என்பதெல்லாம் பிழையில்லாமல் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அந்த நாள் முழுவதிலும் அவர்கள் முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்று பார்த்தது அது ஒன்றைத்தான்.

மீதமிருக்கும் மூன்று இடங்களையும் ஒரே கயிற்றில் கோப்பது சங்கராபரணி ஆறு. செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் சொல்வார்கள். செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து, தொண்டியாற்றோடு கூடுமிடத்தில் வீடூர் அணையில் தேங்கி, அங்கிருந்து திருவக்கரையைத் தொட்டு வில்லியனூர் வழியாக ஓடிவரும் இந்த ஆறு, கடலை நெருங்கும்போது சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு என்று இரண்டாகப் பிரிகிறது. அந்த அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான், கடல்வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேடு இருக்கிறது. ஆகவே காலையில் திருவக்கரை, நண்பகலில் புதுச்சேரி அருங்காட்சியகம், மாலையில் அரிக்கமேடு என்று போனால், பிள்ளைகள் ஆற்றோடு சேர்ந்து இறங்கி வருகிறார்கள். அரியாங்குப்பம் புதுச்சேரி–கடலூர் சாலையிலேயே இருப்பதால் கடைசி இடம் நீங்கள் வீடு திரும்பும் வழியிலும் அமைந்துவிடுகிறது.

முந்தைய வாரமே ஒரு வேலை இருக்கிறது. கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, செஞ்சியிலிருந்து கடல்வரை ஆற்றின் போக்கை மகள் ஒரு சார்ட் தாளில் வரையட்டும். அணையின் முழு உயரம் 32 அடி என்பதையும், அது தமிழ்நாட்டில் இருந்தாலும் அதன் பாசனத்தில் அடங்கும் 3,200 ஏக்கரில் 1,000 ஏக்கர் புதுச்சேரிக்குரியது என்பதையும் அவளிடம் சொல்லிவிட்டு, ஏன் அப்படி என்று கேளுங்கள். விடை வழியிலேயே கிடைக்கும். பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகப் பெற்ற கிராமங்கள் அப்படியே ஒன்றியப் பகுதியாக நின்றுவிட்டதால், நேராகப் போகும் சாலையிலேயே தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். எல்லை எத்தனை முறை மாறியது என்று கடைப் பலகைகளின் கடைசி வரியைப் படித்து எண்ணும் வேலையை மகனிடம் கொடுத்துவிடுங்கள். அது முடியும்வரை அவன் எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்க மாட்டான்.

இனி திருவக்கரை. இந்த நாளின் பெரும்பகுதி இங்கேதான் செலவாக வேண்டும்; குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஊருக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில், 247 ஏக்கர் பரப்பில் இருக்கும் தேசியக் கல்மரப் பூங்காவை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940-ஆம் ஆண்டிலிருந்து பாதுகாத்து வருகிறது. இங்கே கல்லாகிக் கிடக்கும் மரங்களை சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781-லேயே குறிப்பிட்டிருக்கிறார். 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை நீளமுள்ள அடிமரங்கள் செம்மண் மேட்டில் பாதி புதைந்தும் பாதி வெளியே தெரிந்தும் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். அவை புதைந்திருக்கும் பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயரை நீங்கள் முன்பே சொல்லிவிடாதீர்கள். அங்கே நின்றுகொண்டு சொல்லுங்கள். அதன் பெயர் கடலூர் மணற்கல். உங்கள் ஊர்க் கேப்பர் மலையின் செம்மண்ணும் அதே அடுக்கைச் சேர்ந்ததுதான். தங்கள் ஊர்ப் பெயரில் ஒரு பாறை இருக்கிறது என்று கேட்ட கடலூர்ப் பிள்ளைகளின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உள்ளே போனதும் பலகையைப் படிக்கவிடாதீர்கள். ஒரு மரத்தின் அருகில் நிறுத்தி, இதில் என்ன இல்லை என்று மட்டும் கேளுங்கள். முதலில் இலை இல்லை என்பார்கள். பிறகு கிளை இல்லை. சற்றுப் பொறுத்தால் வேர் இல்லை, பட்டையும் இல்லை என்று ஒவ்வொன்றாக வரும். இந்த இடத்திலேயே வளர்ந்து விழுந்த மரமாக இருந்தால் வேராவது இருக்க வேண்டாமா? அப்படியானால் இது எங்கிருந்தோ வந்திருக்கிறது, வந்த வழியில் உரசி, முட்டி, எல்லாவற்றையும் இழந்திருக்கிறது, கொண்டுவந்தது வெள்ளம். இந்த முடிவுக்கு அவர்களாகவே வருவதற்குக் கடலூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் உண்டு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியதை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தை உங்கள் மகள் மறந்திருக்க மாட்டாள். அந்தச் செந்நீர் எதையெல்லாம் இழுத்துவந்தது, வடிந்தபின் எதை எங்கே போட்டுவிட்டுப் போனது என்பதை அவள் தம்பிக்குச் சொல்லட்டும். நீங்கள் குறுக்கிட வேண்டாம்.

மரம் எப்படிக் கல்லானது என்பதை விளக்குவதுதான் கடினம். வெள்ளம் கொண்டுவந்த மரம் மணலிலும் வண்டலிலும் விரைவாகப் புதைந்ததால் காற்றுப் படாமல் மக்குவது தாமதப்பட்டது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் ஊறிப் படிந்து, காலப்போக்கில் மரப்பொருளின் இடத்தையே பிடித்துக்கொண்டது. பொருள் போய்விட்டது, வடிவம் நின்றுவிட்டது. இவ்வளவையும் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை தலையாட்டும், அவ்வளவுதான். அதனால் இரண்டு வாரம் முன்பே ஒரு பீர்க்கங்கூட்டை, குளிக்கத் தேய்க்கிறோமே அதையேதான், ஒரு துண்டு வெட்டி, கெட்டியான உப்புக் கரைசலில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து மறுபடி காயவைக்கச் சொல்லுங்கள். நாலைந்து முறைக்குப் பின் கூட்டின் கண்களில் உப்பு ஏறி அது விறைத்துப்போகும். நார் போய்விடாது என்பதால் இது முழு உவமையாகாது. இருந்தாலும் நீர் ஒன்றைக் கொண்டுவந்து இன்னொன்றின் துளைக்குள் வைத்துவிட்டுப் போகும் என்பது கையால் தொட்டுத் தெரிந்துவிடும்.

இன்னொரு பொருளையும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். மரவாடியில் கேட்டால் புளியமரத்தில் கையகலத்துக்கு ஒரு வட்டத் துண்டு அறுத்துத் தருவார்கள். பூங்காவில் இருக்கும் மரங்களில் புளியமரக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. கல்மரத்தின் வெட்டுமுகத்தை ஈரத்துணியால் மெல்ல ஒற்றினால் போதும், வெளிறிக் கிடந்த கல் சட்டென்று கருத்து, கணுவும் இழையோட்டமும் எழுந்து வரும். பக்கத்தில் புளியந்துண்டை வைத்துப் பூதக்கண்ணாடியால் மாறி மாறிப் பார்க்கட்டும். எங்களோடு வந்த ஒரு சிறுமி இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றில் வாசனை இருக்கிறது என்று எழுதினாள். அதுவும் ஒரு அவதானிப்புதானே என்று அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன். ஒரு எச்சரிக்கை: வளையங்களை எண்ணி மரத்தின் வயதைச் சொல்லும் பழக்கம் குளிர்நாட்டு மரங்களை வைத்து எழுதிய பாடத்திலிருந்து வந்தது. தேக்கு போன்ற சிலவற்றைத் தவிர நம் வெப்பநாட்டு மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தாது. எண்ணட்டும், தவறில்லை, விடையை வயது என்று எழுதவிடாதீர்கள்.

ஒரு சில்லுகூட அங்கிருந்து எடுத்து வரக் கூடாது என்பதைக் காரில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். வெளியே வரும்போது சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பது யாருக்கும் மரியாதையாக இராது.

மாமியாருக்கு இங்கே ஒரு பெரிய பங்கு உண்டு. திருவக்கரை சந்திரமௌலீஸ்வரர் கோயிலும் அங்குள்ள வக்கிரகாளி சந்நிதியும் அவருக்குத் தெரிந்திருக்கும். வக்கிராசுரனை வதம் செய்தபோது சிதறிய எலும்புகளே இந்தக் கற்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பூங்காவுக்கு முன்பாகக் கோயிலுக்குப் போய், அந்தக் கதையை அவர் வாயால் சொல்லவையுங்கள். பிறகு பூங்காவில் பிள்ளைகள் தாங்கள் கண்டுபிடித்ததை அவருக்குச் சொல்லட்டும். எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் அவசரம் வேண்டாம். எலும்பு என்று சொன்னவர்களும் ஒன்றைச் சரியாகவே கண்டிருக்கிறார்கள்: இது வெறும் கல் அன்று, ஒரு காலத்தில் உயிரோடிருந்தது என்பதை. பௌர்ணமியன்று மட்டும் போகாதீர்கள். காளியம்மன் தரிசனத்துக்கு வரும் கூட்டத்தில் காரை நிறுத்தவே இடம் இருக்காது.

கட்டுச்சோற்றைப் புதுச்சேரி பாரதி பூங்காவில் பிரிக்கலாம். அருங்காட்சியகம் அதை ஒட்டியே இருக்கிறது. பூங்காவின் நடுவில் இருக்கும் ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டப்பட்டது. ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துவிட்டுக் குளம் வெட்டிய கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. சாப்பிடும் நேரத்துக்கு அது போதும்.

அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகள், பிரெஞ்சுக் கட்டில்கள், பல்லக்கு என்று பலவும் உண்டு. எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள். அரிக்கமேட்டுக்கு முன்பே அருங்காட்சியகத்துக்கு வருவதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்டிமர் வீலர் 1944-இல் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு சாடியின் உடைந்த கழுத்தையும் கைப்பிடியையும் பார்த்து, இது மத்தியதரைக் கடல் நாட்டு ஆம்போரா ஆயிற்றே, இங்கே எப்படி வந்தது என்று விசாரித்தார். புதுச்சேரியிலிருந்து வந்தது என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து, 1945-இல் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தார். உங்கள் பிள்ளைகளும் ஒரு கைப்பிடியிலிருந்தே தொடங்கட்டும்.

ஆம்போராவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடி ஏன் கூராக இருக்கிறது? நம் வீட்டுப் பானைக்கு அடி உருண்டை. அதைப் புரிமணையில் வைக்கிறோம். கூரான சாடியைத் தரையில் நிறுத்த முடியாது. ஆனால் கப்பலின் வயிற்றில், ஒரு வரிசைச் சாடிகளின் தோள்களுக்கு இடையே அடுத்த வரிசையின் கூரை இறக்கி அடுக்கினால், அலையில் ஆடினாலும் சாயாது. ஆகவே அது வீட்டுக்காகச் செய்த பாத்திரம் அன்று, பயணத்துக்காகச் செய்தது. உள்ளே வந்தது திராட்சை மது, ஆலிவ் எண்ணெய் போன்றவை. யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பற்றிப் புறநானூற்றின் 56-ஆம் பாடல் பேசுகிறது. மகளுக்குத் தமிழ்ப் பாடமும் இதிலேயே முடிந்துவிடும்.

இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புநிற மெருகு மட்பாண்டத் துண்டுகள் அரிக்கமேட்டில் கிடைத்ததுதான் வீலருக்குப் பெரிய பிடி. அவை எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது அங்கே ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, அங்கே வணிகம் வீலர் கருதியதற்கு முன்பே தொடங்கிப் பின்னும் நீடித்தது என்று காட்டியது. ஒரு பெரிய அறிஞர் சொன்னதை அடுத்து வந்தவர் திருத்துவது குற்றமன்று, அதுதான் வேலை என்பது பன்னிரண்டு வயதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பாடப்புத்தகங்களில் இது அரிதாகவே வரும்.

நான்கு மணி வாக்கில் காக்காயன்தோப்பு வழியாக அரிக்கமேட்டுக்குப் போங்கள். முன்பே சொல்லிவிடுகிறேன்: அங்கே ஒன்றும் இருக்காது. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். மாமரம், தென்னை, புதர், ஆறு, பிற்காலத்து மிஷன் கட்டடம் ஒன்றின் இடிந்த செங்கல் சுவர் ஆகியவைதான் கண்ணுக்குத் தெரியும். அருங்காட்சியகம் பார்க்காமல் நேரே வந்தவர்கள் ஏமாந்து போவதற்கு இதுதான் காரணம். பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கோ காலடி மண்ணே வேறாகத் தெரியும். மழைக்குப் பின் போனால் ஓட்டுச் சில்லுகளும், சில வேளை கடுகளவு கண்ணாடி மணியும் மண்மேல் தலைகாட்டும். பார்க்கலாம், படம் வரையலாம். எடுக்கக் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். புதரில் பாம்பு உண்டு. செருப்பு போதாது, ஷூ வேண்டும். ஆற்றங்கரையில் நின்று, கப்பல் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும், கடலிலேயே நிற்காமல் ஏன் ஆற்றுக்குள் வந்தது என்று கேளுங்கள். தேவனாம்பட்டினத்தில் அலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விடை சொல்லச் சிரமம் இராது.

நோட்டுப் புத்தகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு பொருள். அதற்குக் கீழே கண்டது ஒரு வரி, ஊகித்தது ஒரு வரி, விளங்காதது ஒரு வரி. கண்டதும் ஊகித்ததும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மகள் 14 வயதானபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதுவாள் என்றால், இந்த மூன்று வரிப் பழக்கம் அப்போது கைகொடுக்கும். அதற்காக இப்போதே வினாத்தாள் தயாரிக்க வேண்டாம்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது திங்கட்கிழமையைத் தவிருங்கள். அன்று அருங்காட்சியகம் விடுமுறை. மாதம் ஜனவரி அல்லது பிப்ரவரி. திருவக்கரையில் நிழல் குறைவு என்பதால் காலை ஆறு மணிக்கே கிளம்பி, வெயில் ஏறுமுன் பூங்காவை முடித்துவிட வேண்டும். பேருந்தில் போனால் காத்திருப்பதிலேயே பாதி நாள் போய்விடும். வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, 20 மீட்டர் நைலான் கயிறு ஒன்று வாங்குங்கள். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2 கோடி ஆண்டு சரியாக 20 மீட்டர். காலையில் கல்மரங்களுக்கு நடுவே செல்லும் பாதையில் அதை முழுநீளத்துக்கு விரித்துப்போட்டு, மகன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கட்டும். மாலையில் அரிக்கமேட்டில் அதே கயிற்றை எடுத்து, ஆம்போரா வந்த காலம் எங்கே என்று மகளைக் கணக்கிடச் சொல்லுங்கள்: நுனியிலிருந்து 2 மில்லிமீட்டர். வீலர் தோண்டியது ஒரு தலைமுடியின் பருமன். கடையில் முழம்போட்டு அளந்து தந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் டேப்பை வைத்து மறுபடி அளந்து, மிஞ்சியதை வெட்டுவது எட்டு வயதுப் பிள்ளையின் பொறுப்பு.